அந்தக் கோப்பையில் ரோஜா இருந்ததா?

இத்தாலியின் டூரினில் முதுகலை படிக்கப் போயிருக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது. உடன் படிப்பவர்கள் அவரை ஒயின் சுவைக்கும் கூடுகை ஒன்றுக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். இரண்டு வெள்ளை, மூன்று சிவப்பு, கடைசியாக வந்த சிவப்பு பரோலோ. மற்றவர்கள் ரோஜா, தார், செர்ரி, ஈர மண் என்று அடுக்கிக்கொண்டே போக, இவருக்கு வெள்ளை வெறும் புளிப்பாகவும் பரோலோ வாயை வறட்டும் துவர்ப்பாகவும் மட்டுமே பட்டிருக்கிறது. "இத்தாலிய ஒயினை ரசிக்க எப்படிப் பழகுவது?" என்று கேட்டு முடித்திருக்கிறார். அவர் உண்மையில் கேட்க வந்தது வேறு என்று நினைக்கிறேன். அவர்கள் சொன்ன வாசனையெல்லாம் நிஜமாகவே அந்தக் கோப்பையில் இருந்ததா, இருந்தது என்றால் எனக்கு மட்டும் ஏன் எட்டவில்லை என்பதுதான் அந்தக் கேள்வி.

நான் டூரினைத் தலைநகராகக் கொண்ட பியெமோந்தே பகுதியில் உணவகங்களில் ஒயின் பரிமாறும் வேலையில் பல வருடங்கள் இருந்தவன். இத்தாலிய சொம்மெலியே (ஒயின் பரிமாறும் நிபுணர்) சங்கம் நடத்தும் மூன்று கட்டப் பாடத்தையும் முடித்திருக்கிறேன். அதனால் நான் தரும் உதாரணங்கள் பெரும்பாலும் வடமேற்கு இத்தாலியைச் சுற்றியே இருக்கும். தெற்கத்தி ஒயின்களை விரும்பிக் குடித்திருக்கிறேன், ஆனால் அந்தத் தோட்டங்களில் நடந்து பழகியவன் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புளிப்பும் துவர்ப்பும் தெரிந்தது உங்கள் நாக்கின் குறை இல்லை. அன்றைக்கு அந்த மேசையில் பேசப்பட்டவற்றில் சோதித்துப் பார்க்கக்கூடிய உறுதியான செய்தி நீங்கள் கவனித்ததுதான். இத்தாலிய ஒயின்களில் பெரும்பாலானவற்றின் எலும்புக்கூடே புளிப்பு, துவர்ப்பு, கடைசியில் வரும் லேசான கசப்பு இம்மூன்றும்தான். ரோஜாவும் செர்ரியும் அதன்மேல் படர்ந்திருப்பவை. புதிதாகக் கற்பவர்களை வாசனையிலிருந்து தொடங்கச் சொல்வதுதான் பெரும்பாலான கூடுகைகளில் நடக்கும் தவறு. வாயில் என்ன நடக்கிறது என்பதில் தொடங்கினால், மூக்கு தானாகப் பின்னால் வந்து சேரும்.

ஆகவே முதல் பாடம் இந்த மூன்றையும் பிரித்து அறிவது. ஒரு வாய் குடித்து விழுங்கிய பிறகு (அல்லது துப்பிய பிறகு) என்ன ஆகிறது என்று பாருங்கள். தாடையின் இரு பக்கமும் உமிழ்நீர் சுரந்துகொண்டு வந்தால் அது புளிப்பு. அதற்கு நேர்மாறாக உமிழ்நீர் வற்றி, ஈறும் கன்னத்தின் உட்புறமும் சொரசொரத்தால் அது துவர்ப்பு. நாவல்பழம் தின்றால் நாக்கு பிடித்துக்கொள்ளுமே, அதே உணர்வு. கசப்பு இந்த இரண்டுக்கும் பிறகு, விழுங்கி முடிந்ததும் வந்து கொஞ்ச நேரம் தங்கும். துவர்ப்பையும் கசப்பையும் குழப்பிக்கொள்ளாத ஒருவருக்கு இத்தாலிய ஒயினில் பாதிப் பாடம் முடிந்தது. நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு என்று பள்ளிப் புத்தகங்களில் ஒரு படம் உண்டு. அதை மறந்துவிடுங்கள், எல்லாச் சுவையும் நாக்கின் எல்லாப் பகுதியிலும் தெரியும். துவர்ப்போ சுவை மொட்டுகளைவிடத் தொடு உணர்வைச் சேர்ந்தது. திராட்சையின் தோலிலும் விதையிலும் காம்பிலும் இருக்கும் டானின், உமிழ்நீரில் உள்ள புரதங்களோடு சேர்ந்து அவற்றின் வழவழப்பைப் பறித்துவிடுகிறது. வாய் உராய்வதுபோல் இருப்பது அதனால்தான். வெள்ளை ஒயினுக்குப் பெரும்பாலும் சாற்றைப் பிழிந்ததும் தோலைப் பிரித்துவிடுவதால் அதில் இந்த உராய்வு அநேகமாக இராது.

பரோலோ உங்களை வறட்டியதில் வியப்பில்லை. அது முழுக்க நெப்பியோலோ என்ற ஒரே திராட்சையிலிருந்து வருவது, இத்தாலியில் டானினும் புளிப்பும் ஒருசேர மிக அதிகமாக இருக்கும் திராட்சைகளில் ஒன்று அது. பார்க்கச் சாதுவாக இருப்பதால் ஏமாந்துபோகிறோம். கோப்பையை ஒரு வெள்ளைத் தாளின் மேல் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். தாளில் உள்ள எழுத்தை ஒயினின் ஊடாகவே படித்துவிடலாம், அவ்வளவு வெளிறிய சிவப்பு. விளிம்பில் செங்கல் நிறம் தட்டியிருக்கும். இந்த நிறத்தைப் பார்த்து மென்மையாக இருக்கும் என்று நம்பி வாயில் வைத்தால், சில நொடிகள் கழித்து ஈறு இறுகத் தொடங்கும். இந்த டானின் தணிய வேண்டும் என்பதற்காகவே சட்டப்படி பரோலோவை 38 மாதங்கள் வைத்திருந்துதான் விற்க வேண்டும், அதில் 18 மாதங்களாவது மரப்பீப்பாயில் இருக்க வேண்டும். 2021 அறுவடை கடைக்கு வந்தது 2025-இல்தான். அப்போதும் அது இளசுதான். சட்டம் அனுமதிக்கும் முதல் நாளில் திறந்த பரோலோவை வைத்து அந்த ஒயினைப் பற்றியோ உங்கள் நாக்கைப் பற்றியோ தீர்ப்பு எழுத வேண்டாம்.

இப்போது நான் எல்லாருக்கும் சொல்லும் ஒரு பயிற்சி. நீங்கள் டூரினில் இருப்பதால் இதற்கு உங்களைவிட வாய்ப்பான இடத்தில் இருப்பவர் கிடையாது. பரோலோ விளையும் லாங்கே மலைச்சரிவுகளில் மூன்று சிவப்புத் திராட்சைகள் பக்கத்துப் பக்கத்தில் விளைகின்றன. தெற்கு பார்த்த, வெயில் நன்றாக விழும் சரிவை நெப்பியோலோவுக்குக் கொடுப்பார்கள். அடுத்த தரமான இடம் பார்பேராவுக்கு. உயரமான, குளிர்ச்சியான மூலைகளில் சீக்கிரமே பழுத்துவிடும் டோல்செட்டோ நிற்கும். ஒரே ஊர், ஒரே தட்பவெப்பம், பல சமயம் ஒரே விவசாயி. ஆனால் மூன்றும் வாயில் செய்யும் வேலை வேறு வேறு. பார்பேராவில் புளிப்பு ஏராளம், டானின் குறைவு. டோல்செட்டோவில் புளிப்பு குறைவு, டானின் ஓரளவு, முடிவில் வாதுமைக் கசப்பு. நெப்பியோலோவில் புளிப்பு, டானின் இரண்டுமே அதிகம். கடையில் டோல்செட்டோ த'அல்பா, பார்பேரா த'அல்பா, லாங்கே நெப்பியோலோ என்று கேட்டு, முடிந்தால் ஒரே தயாரிப்பாளருடையதாக மூன்று புட்டிகள் வாங்குங்கள். பார்பேராவில் புது மரப்பீப்பாயில் வைக்காததாகப் பார்த்து எடுங்கள், புது மரத்தின் வனிலா வாசம் பாடத்தைக் குழப்பும். மூன்றும் சேர்ந்தே உங்கள் பரோலோ ஒன்றின் விலைக்குள் அடங்கிவிட வாய்ப்பு உண்டு. நான்கைந்து நண்பர்களைக் கூப்பிட்டால் செலவும் பகிரப்படும், மிச்சமும் இராது.

மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் ஊற்றி வையுங்கள். கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், சுழற்ற இடம் வேண்டும். முதலில் நிறத்தைப் பாருங்கள். டோல்செட்டோ ஊதா கலந்த அடர்சிவப்பு, பார்பேரா அடர் மாணிக்கச் சிவப்பு, நெப்பியோலோ இரண்டையும்விட வெளிறியது. இங்கேயே, நிறத்துக்கும் துவர்ப்புக்கும் சம்பந்தம் இல்லை என்பது கண்ணில் பட்டுவிடும். பிறகு சுழற்றாமல் ஒருமுறை, சுழற்றி ஒருமுறை முகருங்கள். எந்தப் பெயரும் சொல்ல வேண்டாம். 'இதைவிட அது இனிய வாசம், அதைவிட இது காரம்' என்ற அளவு போதும். பிறகு ஒரு தேக்கரண்டி அளவு வாயில் எடுத்து, எல்லாப் பக்கமும் பட உருட்டி, துப்பிவிடுங்கள். துப்புவதை இத்தாலியில் யாரும் மரியாதைக் குறைவாக நினைப்பதில்லை, சுவைக்கும் மேசைகளில் அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். துப்பியதும் மனதுக்குள் எண்ணத் தொடங்குங்கள். சுவை எத்தனை நொடி தங்குகிறது என்பது நாம் தரம் என்று சொல்வதற்கு ஓரளவு நம்பகமான அடையாளம். ஒரு சுற்று முடிந்ததும் ஒரு துண்டு ரொட்டி, ஒரு வாய் தண்ணீர், மறுபடி தலைகீழ் வரிசையில் இன்னொரு சுற்று. ஒற்றை ஒயினைக் குடித்துக்கொண்டே யோசிப்பதைவிட, இரண்டை அருகருகே வைத்துப் பார்ப்பது பல மடங்கு கற்றுத் தரும். நினைவை நம்பாதீர்கள், வாசனைக்கான நினைவு நம் எல்லாருக்குமே பலவீனமானது.

சரி, ரோஜா இருந்ததா? ஒயினில் வாசனை என்பது கற்பனை இல்லை. சில வாசனைகளுக்கு மூலக்கூறின் பெயரையே சொல்லிவிடலாம். சில சிவப்பு ஒயின்களில் மிளகு வாசம் வரும். அதற்குக் காரணம் ரோட்டண்டோன் என்ற சேர்மம். நம் சமையலறை மிளகிலும் மிளகு மணத்தைத் தருவது அதே சேர்மம்தான். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் இதை ஒயினில் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். இத்தாலியில் ஃப்ரியூலியின் ஸ்கியோப்பெத்தீனோ, வடக்குப் பியெமோந்தேயின் வெஸ்போலீனா ஆகிய திராட்சைகளில் அது நிறையவே இருக்கிறது. அதேபோல மொஸ்காட்டோ தஸ்தியைத் திறந்ததும் எழும் பூ மணத்தில் பெரும் பங்கு லினலூலுக்கு. கொத்தமல்லி விதையை இடிக்கும்போது வரும் மணத்தின் முக்கியமான பொருளும் அதுதான். ஆக, ஒருவர் 'மிளகு' என்றோ 'பூ' என்றோ சொன்னால் அவர் கவிதை பாடுகிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அதே 2008 ஆய்வில் இன்னொன்றும் தெரியவந்தது. சோதித்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, சோதித்த அதிகபட்ச அளவிலும் ரோட்டண்டோன் மணக்கவே இல்லை. ஒரே கோப்பையிலிருந்து இரண்டு பேர் உண்மையிலேயே இரண்டு வேறு வாசனைகளைப் பெறலாம். கசப்பிலும் இப்படிப் பிறவி வேறுபாடு உண்டு.

இங்கிருந்து சந்தேகத்துக்குரிய பக்கத்துக்கு வருகிறேன். 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், பிரான்சின் போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயினியல் படித்த 54 பேரிடம், ஒரு வெள்ளை ஒயினை மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் பழங்களின் பெயரையே அதற்கும் சொன்னார்கள். கலிஃபோர்னியாவில் ஒரு போட்டியின் நடுவர்களுக்கு ஒரே புட்டியிலிருந்து மூன்று கோப்பைகளை அவர்களுக்குத் தெரியாமல் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008-இல் வந்தது. மதிப்பெண்ணில் நிலையாக நின்றவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான். இதை வைத்து எல்லாமே ஏமாற்று என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள், அது எனக்கு ஏற்பில்லை. கண் மூக்கை ஆளுகிறது, ஒரே ஆள் ஒரே ஒயினை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி எடைபோடுவதில்லை என்பதைத்தான் அவை காட்டுகின்றன. ஒருவர் உரக்கச் சொன்ன சொல்லும் அடுத்தவர் மூக்கை ஆளும். உங்கள் கூடுகையில் முதலில் பேசியவர் 'ரோஜா' என்றிருந்தால், மற்ற நான்கு ரோஜாக்களில் எத்தனை அவரவர் மூக்கிலிருந்து வந்தவை என்று சொல்ல முடியாது. அதனால்தான் நாங்கள் பாடத்தில் முதலில் எழுதிவிட்டுப் பிறகுதான் பேசுவோம். நெப்பியோலோவில் ரோஜாவும் தாரும் தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வருபவை. லேபிளை மறைத்துக் கொடுத்தபோதும் ரோஜாவை நான் பலமுறை கண்டிருக்கிறேன், அதை நம்புகிறேன். தார் என்பதை ஒரு உருவகமாக எடுத்துக்கொள்கிறேன். ஈர மண், கல், தாது என்பவற்றில் எனக்கு இன்னும் கூடுதல் தயக்கம். பாறையின் தாதுக்கள் வேர் வழியாக ஏறி அப்படியே கோப்பையில் மணப்பதில்லை என்று மண்ணியல் அறிந்தவர்கள் சொல்கிறார்கள். நல்ல வெள்ளை ஒயினில் ஏதோ ஓர் உப்புத்தன்மை வாயில் தெரிவது மட்டும் நிஜம், அதற்குக் காரணம் பாறை என்று நான் சொல்ல மாட்டேன்.

வெள்ளை ஒயின் உங்களுக்கு வெறும் புளிப்பாகப் பட்டதற்குக் காரணம் குளிர்ச்சியாக இருக்கலாம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றினால் வாசனை மேலெழாது, புளிப்பு மட்டும் முந்திக்கொண்டு நிற்கும். பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு வரட்டும். அடுத்த காரணம், இத்தாலிய வெள்ளைகளில் பல இயல்பிலேயே அடக்கமானவை. சோவிஞ்ஞோன் பிளாங்க்போல மூக்கில் வந்து மோதாது. வெரோனாவுக்குக் கிழக்கே விளையும் சொவாவேயை எடுத்துக்கொள்ளுங்கள், கார்கானேகா என்ற திராட்சை அதன் அடிப்படை. முதல் வாய்க்கு ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். விழுங்கிய பிறகுதான் வாதுமைத் தோலின் மெல்லிய கசப்பு வந்து நிற்கும். அந்தக் கசப்புக்காகவே அதைக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள், நானும் அவர்களில் ஒருவன். அங்கோனாவுக்கு அருகே யேசி ஊரைச் சுற்றி விளையும் வெர்திக்கியோவில் இதே கசப்போடு சோம்பு வாசமும் வரும். நல்ல தயாரிப்பாளருடையது பத்து வருடம்கூடத் தாங்கும். உங்களுக்குப் பக்கத்திலேயே, தொர்தோனா மலைப்பகுதியில் திமோராசோ என்ற வெள்ளைத் திராட்சை இருக்கிறது. ஏறக்குறைய அழிந்துபோயிருந்ததை வால்தெர் மாஸ்ஸா என்ற விவசாயி 1980-களில் விடாப்பிடியாக மீட்டார். கனமான, தேன் மணம் தட்டுகிற ஒயின் அது. வெள்ளை என்றால் தண்ணீர் என்ற எண்ணத்தை மாற்ற ஒரு புட்டி போதும். பல்பொருள் அங்காடியின் மலிவு பீனோ கிரீஜோவை வைத்து இத்தாலிய வெள்ளையை எடைபோட வேண்டாம்.

சிவப்புக்கு இதற்கு நேர் எதிரான எச்சரிக்கை. 'அறை வெப்பம்' என்று எழுதியிருப்பது பழைய ஐரோப்பிய வீடுகளின் வெப்பம், 16 முதல் 18 டிகிரி. ஜூலை மாத டூரினில் மேசைமேல் நின்ற புட்டி 28-ஐத் தொட்டிருக்கும். அப்போது ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும். அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுப்பதில் வெட்கமே இல்லை. ஊறிய அட்டை, பூஞ்சை பிடித்த நிலவறை என்று வாசம் வந்தால் அது கார்க்கிலிருந்து வந்த டிசிஏ என்ற சேர்மத்தின் கோளாறு. ஒரு லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே பழ மணத்தை அது அமுக்கிவிடும். அப்படி ஒன்றை உணவகத்தில் கொடுத்தால் தாராளமாகத் திருப்பி அனுப்புங்கள், பரிமாறுபவர் கோபிக்க மாட்டார்.

உணவு இல்லாமல் சுவைத்தீர்கள் என்பது என் ஊகம். பரோலோவை வெறும் வாயில் குடிப்பது இத்தாலியர்களே அதிகம் செய்யாதது. டானினுக்குப் பிடித்துக்கொள்ளப் புரதமும் கொழுப்பும் கிடைத்தால் அது உங்கள் உமிழ்நீரை விட்டுவிடும். உப்பு கசப்பைத் தணிக்கும். சோதிக்க எளிய வழி, ஒரு வாய் நெப்பியோலோ, பிறகு ஒரு துண்டு முதிர்ந்த பாலாடைக்கட்டி, மறுபடி ஒரு வாய். இரண்டாவது வாய் வேறு ஒயின்போல இருக்கும், இதை முதன்முறை உணர்பவர்களின் முகம் மாறுவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நீங்கள் சைவம் என்றால், வெண்ணெயில் புரட்டிய 'தாயரின்' என்ற மெல்லிய நூடுல்ஸோ (மாவில் முட்டை உண்டு) காட்டுக் காளானோ பரோலோவுக்கு அருமையான துணை. ஆனால் பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற முதிர்ந்த பாலாடைக்கட்டி கன்றின் வயிற்று நொதியால் உறைய வைக்கப்படுவது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். சில ஒயின்களைத் தெளிய வைக்க முட்டை வெண்கருவோ பால் புரதமோ விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டினோ பயன்படுத்துவதும் உண்டு. முட்டையும் பாலும் ஒயினில் மிஞ்சியிருந்தால் லேபிளில் அறிவிக்க வேண்டும் என்ற விதி 2012 முதல் இருக்கிறது. ஜெலட்டினுக்கு அந்த விதி இல்லை, 'வீகன்' என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் மிளகாய் தூக்கலாகச் சமைக்கும் நாளில் பரோலோவைத் திறக்காதீர்கள். ஆல்கஹால் காரத்தைக் கூட்டும், டானின் அதை இன்னும் முரடாக்கும். அன்றைக்கு ஐந்து சதவீத அளவே ஆல்கஹால் உள்ள இனிப்பான மொஸ்காட்டோ தஸ்தி, அல்லது குளிர்ந்த, நுரைக்கும் சிவப்பான லம்ப்ரூஸ்கோ நன்றாகப் போகும்.

பியெமோந்தேக்கு வெளியே போகும்போது சாஞ்சியோவேசே என்ற சிவப்புத் திராட்சையிலிருந்து தொடங்குங்கள். டஸ்கனியின் கியான்ட்டி கிளாசிக்கோ ஒயினில் அது 80 சதவீதமாவது இருக்க வேண்டும், ப்ருனெல்லோ தி மொந்தால்சீனோ முழுக்க அதுவே. புளிப்புச் செர்ரி, அழுத்தமான புளிப்பு, நெப்பியோலோவைவிடச் சற்று இணக்கமான டானின். லேபிளில் உள்ள டிஓசிஜி முத்திரை எந்த ஊர், எந்தத் திராட்சை, எவ்வளவு காலம் வைத்தது என்பவற்றுக்கு உத்தரவாதம், ருசிக்கு இல்லை. விமர்சகர்களின் நூற்றுக்கு இத்தனை என்ற மதிப்பெண்களை நான் பார்ப்பதை விட்டுப் பல காலம் ஆகிறது.

மூன்று திராட்சைப் பயிற்சியைச் சிலமுறை செய்து முடித்த பிறகு, ரயிலில் அல்பா வரை போய் அங்கிருந்து பார்பரெஸ்கோ ஊருக்குப் போய் வாருங்கள். அங்கே 1958-இல் தொடங்கிய விவசாயிகள் கூட்டுறவு ஒன்று இருக்கிறது, ப்ரொதுத்தோரி தெல் பார்பரெஸ்கோ என்று பெயர். நல்ல ஆண்டுகளில் அவர்கள் ஒன்பது தோட்டங்களின் நெப்பியோலோவைக் கலக்காமல் தனித்தனிப் புட்டிகளில் அடைக்கிறார்கள். ஒரே திராட்சை, ஒரே ஆண்டு, ஒரே தயாரிப்பு முறை, மாறுவது நிலம் மட்டும். நிலம் சுவையை மாற்றுமா என்ற கேள்விக்கு இதைவிடச் சுத்தமான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை. அவற்றில் அசிலி, மொந்தெஸ்தெஃபனோ என்ற இரண்டு தோட்டங்களின் ஒயினையும் அருகருகே வைத்து எது ஈறை அதிகம் பிடிக்கிறது என்று மட்டும் பாருங்கள். ஊருக்குள் ஒரு பழைய தேவாலயத்தில் பிராந்திய ஒயின் கூடம் இருக்கிறது, அங்கே பல தயாரிப்பாளர்களுடையதைக் கோப்பைக் கணக்கில் சுவைக்கலாம். காரில் போவதாக இருந்தால் ஓட்டுபவர் துப்பிக்கூடச் சுவைக்க வேண்டாம். உரிமம் வாங்கி மூன்று வருடம் ஆகாதவருக்கு இத்தாலியில் ரத்தத்தில் அனுமதிக்கப்படும் ஆல்கஹால் அளவு பூஜ்யம்.